ஏழாவது பெயர்

கோலா சிலாங்கூரில் படிவம் ஐந்தில் பயிலும் மாணவன் ஒருவன், சேமித்த பணத்தில் கணினி விளையாட்டு ஒன்று வாங்க எண்ணினான். அவன் கருத்தில் இருந்தவை இரண்டு. இரண்டுமே குடியேற்றத்தை நடத்தும் விளையாட்டுகள்.

2018இல் முழுமை பெற்ற ‘ரிம்வேர்ல்டு’, விபத்தில் தப்பிய மூவரை அயற்கோள் ஒன்றில் விடுகிறது. மேசையின்றி உண்டாலும் அவர்கள் மனம் வாடும். உற்றார் இறந்தால் உடையும். 2006இல் ஆடம்ஸ் சகோதரர் வெளியிட்ட ‘டுவார்ஃப் போர்ட்ரஸ்’, ஏழு குள்ளர்களைக் கோட்டை அமைக்க அனுப்புகிறது. கோட்டை வீழ்ந்தாலும் அவ்வுலகம் மறைவதில்லை. அங்கு வாழ்ந்தோரின் பெயரும் வரலாறும் அதில் நிலைத்திருக்கும்.

எதைத் தேர்வது? அவன் பாட்டியிடம் இரண்டையும் விளக்கினான்.

“வந்தவங்க பேரு எதுல நிக்கும், ஐயா?” என்றார் பாட்டி.

அவ்வினாவுக்குக் காரணம் உண்டு. பாட்டி பிறந்தது தென்னமரம் தோட்டம். அங்கேதான் 1917இல் ஹென்றி ஃபோக்கோனியே மலாயாவின் முதல் வணிகச் செம்பனையைப் பயிரிட்டார். 1930இல் பிரான்சின் கொன்கூர் பரிசு பெற்ற எழுத்தாளரும் அவரே. அவர் பெயரை உலகம் அறியும். அம்மண்ணில் குழிவெட்டிய தம் பாட்டனின் பெயரைப் பாட்டி எந்நூலிலும் கண்டதில்லை.

மாணவன் இரண்டாவதைத் தேர்ந்தான். குள்ளர்களுக்கு நாம் விரும்பும் பெயரைச் சூட்ட அதில் வழியுண்டு. அன்றிரவு பாட்டி தம் லயத்து முன்னோரை ஒவ்வொருவராகச் சொல்ல, அவன் தட்டெழுதினான். ஆறு பெயர்கள் வந்தன. ஏழாவது பாட்டிக்கு நினைவில்லை.

மறுநாள் விளையாட்டைத் தொடங்காமல், அப்பெயரைக் கேட்டறியப் பாட்டியின் தம்பி வீட்டிற்குப் புறப்பட்டான்.