மட்டம் பிசகாமற் பறத்தல்

வானத்திற் குட்டிக்கரணம் அடிக்கும் விமானத்தைக் கண்டு வியப்பவர் பலர். நேராகச் செல்லும் விமானத்தைக் கண்டு வியப்பவரோ அரியர். ஏறாமலும் இறங்காமலும், இடம் வலம் சாயாமலும், ஒரே உயரத்தில் ஒரே திசை நோக்கிச் செல்லுதல் யாதொரு திறமையும் வேண்டாத செயலென்றே பெரும்பாலார் எண்ணுவர். அவ்வெண்ணம் எத்துணைப் பொருந்தாதது என்பதை, கணிப்பொறியில் இயங்கும் பாவனைப் போர் விமானமொன்றைப் பல மாதங்கள் ஓட்டிப் பழகியதனால் யாம் அறிந்தோம். அவ்வனுபவத்தைக் கலாசாலை அன்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இளமைதொட்டு மூக்குக்கண்ணாடி அணிந்துவரும் எமக்கு, மெய்யான போர் விமானத்தின் ஆசனம் என்றும் எட்டாததொன்று. ஆதலின் மேசைமேல் ஒரு கைப்பிடியும், எதிரே ஒரு திரையும், காலடியில் இரண்டு மிதிகளுமே எமது விமானம் ஆயின. இதனைச் சிறுபிள்ளை விளையாட்டென்று நகைப்பாரும் உளர். அவர்கட்கு யாம் கூறும் விடை ஒன்றுண்டு. அமெரிக்காவில் பியானோவும் ஆர்கனும் செய்யும் தொழிற்சாலை உடையார் ஒருவரின் புதல்வராகிய எட்வின் லிங்க் என்பார், ஆர்கனுக்குக் காற்றூட்டும் துருத்திகளைக்கொண்டே, நிலத்தில் நின்றபடி சாய்ந்து திரும்பும் சிறு விமானப் பொறியொன்றை 1929-ஆம் ஆண்டளவில் இயற்றினார். முதலில் அதனைக் கேளிக்கைக் கூடத்தார் வாங்கினரேயன்றி விமானப் படையார் பொருட்படுத்தவில்லை. 1934-ல் அந்நாட்டு விமானப் படையார் தபால் கொண்டுசெல்லும் பொறுப்பை ஏற்று, மூடுபனியிலும் இருளிலும் பறந்து பலர் உயிரிழந்த பின்னரே, லிங்கின் பொறியை விலைகொடுத்து வாங்கினர். விளையாட்டென்று ஒதுக்கப்பட்ட பொருளே பின்னர் உயிர் காக்கும் ஆசானாயிற்று.

நிற்க. எமது திரையில் பறப்பது எப்-16 என்னும் போர் விமானம். அது முதன்முதல் வானில் எழுந்தது 1974-ல். பறக்கும் இடம் கருங்கடற் கரையிலுள்ள பட்டூமி நகரத்தை அடுத்த வான்வெளி. ஒருபுறம் கடல்; மறுபுறம் காக்கசஸ் மலைத்தொடர். கண்ணுக்கு இனிய காட்சியே எனினும், அக்காட்சியே விமானியை எங்ஙனம் ஏமாற்றுகின்றது என்பதைப் பின்னர்க் காண்போம்.

வேக விமானத்தில் மட்டம் காத்தல் கடினமாவது ஏன்? சிறிது கணக்குப் பார்த்தால் விளங்கும். மணிக்கு 120 கடல்மைல் செல்லும் சிறு விமானத்தின் செல்திசை அடிவானத்திற்கு ஒரே ஒரு பாகை தாழ்ந்தால், அது நிமிஷத்திற்கு ஏறத்தாழ 210 அடி இறங்கும். மணிக்கு 480 கடல்மைல் செல்லும் போர் விமானமோ, அதே ஒரு பாகைத் தாழ்வில் நிமிஷத்திற்கு 850 அடியளவு இறங்கிவிடும். கடல்மேல் 1,000 அடி உயரத்திற் பறப்பவர், கீழே கிடக்கும் வரைபடத்தை நோக்கியவாறு ஒன்றேகால் நிமிஷம் வாளாவிருந்தால், அவர் நிமிர்ந்து பார்க்குமுன் கடல் வந்துவிடும். ஒரு பாகை என்பது வட்டத்தில் 360-ல் ஒரு கூறு. கண்ணுக்குப் புலப்படுவதே அரிது. பிழை சிறிதாயினும் வேகம் அதனைப் பெரிதாக்குகின்றது.

சாய்வும் அத்தகையதே. ஒரு பக்கம் சாய்ந்த விமானத்தின் இறக்கைகள் தரும் தூக்குவிசையில் ஒரு பகுதி பக்கவாட்டிற் சென்றுவிடுகின்றது. எஞ்சியதே எடையைத் தாங்கவேண்டும். 60 பாகை சாய்ந்து உயரம் குன்றாமல் திரும்ப வேண்டுமாயின், இறக்கைகள் விமானத்தின் எடையைப்போல் இருமடங்கு தாங்கவேண்டும். அன்றியும், எப்-16 விமானத்தில் கைப்பிடிக்கும் இறக்கைகட்கும் நடுவே கணிப்பொறி நிற்கின்றது. பிடியை விட்டுவிட்டால் விமானம் தானே நிமிர்வதில்லை. இரண்டு பாகை சாய்ந்திருந்தால் அச்சாய்வோடே சென்றுகொண்டிருக்கும். எனவே திசை மெல்ல மெல்ல விலகும். ஓட்டுபவர் நோக்கினாலன்றி அதனை அறிவிப்பார் எவருமிலர்.

இனி, மட்டம் அறியும் வழிகளை ஆராய்வோம். முதல் வழி வெளிநோக்கு. அடிவானக் கோடு முன்கண்ணாடியின் எவ்விடத்தில் வெட்டுகின்றதோ, அவ்விடத்தை மனத்திற் குறித்துக்கொண்டு, அது மாறாமற் காத்தல் வேண்டும். இரண்டு இறக்கை நுனிகளும் அடிவானத்தினின்று ஒத்த தூரத்தில் உள்ளனவா என்று திரும்பிப் பார்த்தலும் நன்று. ஆனால் எப்-16 விமானத்தின் கண்ணாடிக் கூண்டோ நீர்க்குமிழி போன்று, முன்புறம் சட்டமின்றி அமைந்தது. நாற்புறமும் தடையின்றிக் காணலாம். ஆயின் அடிவானத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சட்டமொன்று இல்லாமையால், சிறு சாய்வு எளிதிற் புலப்படுவதில்லை.

மேலும், அடிவானமே பொய் சொல்லுவதும் உண்டு. கடற்கரையோரமாக வடமேற்கு நோக்கிச் செல்லுங்கால், இடப்பக்கம் கடல் தாழ்ந்தும் வலப்பக்கம் மலையடிவாரம் உயர்ந்தும் தோன்றும். அவ்விரண்டையும் இணைத்துக் கண் ஒரு சாய்ந்த கோட்டைத் தானே கற்பித்துக்கொண்டு, அதுவே அடிவானமென்று நம்பும். சாய்ந்து படர்ந்த மேகத்தட்டும் அவ்வாறே செய்யும். மாலையிற் புகைபோல் மங்கல் படியும்போது, கடலும் வானும் ஒரே நிறமாய்க் கலந்து, கோடென்பதே இல்லாமற் போகும்.

ஆதலின் இரண்டாவது வழியாகிய கருவிகள் வேண்டப்படுகின்றன. அவற்றுள் நடுநாயகமாவது செயற்கை அடிவானம். சுழலும் பம்பரம் தன் அச்சு மாறாது நிற்கும் இயல்பைத் துணைக்கொண்டு, வெளியே ஒன்றும் தெரியாதபோதும் வானும் மண்ணும் பிரியும் கோட்டை அது காட்டும். உயரமானி காற்றின் அழுத்தத்தை அளந்து உயரம் கூறும். ஏற்ற இறக்கமானி அவ்வழுத்தம் மாறும் விரைவை அளந்து கூறும். ஆனால் சில விநாடி தாமதித்தே உண்மை சொல்லும். அதன் முள்ளைத் துரத்திப் பிடியை அசைப்பவர், பழைய செய்திக்குப் புதிய விடை அளிப்பவராவர். விமானம் அலைமேற் படகுபோல் ஏறி இறங்கும். வேகமானியும் திசைகாட்டியும் எஞ்சிய சாட்சிகள்.

இச்சாட்சிகளை விசாரிக்கும் முறையே கலையாகும். செயற்கை அடிவானத்தைப் பார், உயரமானியைப் பார், மீண்டும் அடிவானத்திற்கு வா, திசைகாட்டியைப் பார், மீண்டும் அடிவானத்திற்கு வா. சக்கரத்தின் குடத்தினின்று ஒவ்வோர் ஆரமாகச் சென்று மீள்வதுபோல் கண் இயங்குதல் வேண்டும். ஒன்றையே உற்று நோக்கி நிற்றலும், ஒன்றை மறந்துவிடுதலும், ஒன்றையே மிகுதியாக நம்புதலும் ஆகிய மூன்றும் இதற்குரிய குற்றங்களாகும். 100 அடி தாழ்ந்திருந்தால், நிமிஷத்திற்கு 200 அடி வீதம் ஏறுமாறு மெல்லத் திருத்துதல் போதும். வேக விமானத்தில் இது கால் பாகைக்கும் குறைந்த அசைவே. மெய்யான விமானத்தின் கைப்பிடி பெரும்பாலும் கையின் அழுத்தத்தையே உணர்கின்றது. அசைவு மிகச் சிறிது. பிடியை இறுகப் பற்றுபவர் அழுத்தத்தின் நுட்பத்தை இழப்பர். இரண்டு விரல்களால் தாங்கினாற் போதும்.

மூன்றாவது வழி இவ்விரண்டையும் ஒன்றாக்குவது. விமானியின் கண்ணுக்கு நேரே நிற்கும் கண்ணாடித் தகட்டில், ஒளியால் வரைந்த கோடுகள் வெளிக்காட்சியின்மேற் படிந்து தோன்றும். இடப்பக்கம் வேகம், வலப்பக்கம் உயரம், நடுவே அடிவானக் கோடும், அதன் மேலும் கீழும் ஏணிப்படி போன்ற பாகைக் கோடுகளும். சிறு வட்டமும் இரு சிறகும் உடைய குறியொன்றும் உண்டு. விமானத்தின் மூக்கு எங்கே நோக்குகின்றது என்பதை அன்று, விமானம் மெய்யாக எங்கே செல்லுகின்றது என்பதையே அக்குறி காட்டும். வேகம் குறையுங்கால் உயரம் காக்க மூக்கை மிகுதியாக உயர்த்த வேண்டும். எனவே மூக்கு மேல்நோக்கியிருந்தும் விமானம் கீழிறங்குதல் கூடும். அக்குறியை அடிவானக் கோட்டின்மேல் வைத்துக் காப்பவர் மட்டமாய்ச் செல்வர். நோக்கும் திசை வேறு, செல்லும் திசை வேறு என்னும் இவ்வேறுபாட்டை இத்துணைத் தெளிவாக எமக்குக் கற்பித்த பாடம் பிறிதொன்றில்லை.

இத்துணைக் கருவிகள் எதற்கு, உடலின் உணர்ச்சி போதாதோ என வினவலாம். போதாது. செவியினுள்ளே மூன்று அரைவட்டக் குழாய்களில் உள்ள நீர்மமே திரும்புதலை நமக்கு உணர்த்துவது. மிக மெல்லத் திரும்பினால் அது உணராது. நெடுநேரம் ஒரே சீராகத் திரும்பினால் திரும்பவில்லை என்றே கூறும். பின்னர் விமானத்தை நிமிர்த்தினாலோ, மறுபுறம் சாய்ந்துவிட்டதாக அலறும். 1954-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தார் கருவிப் பயிற்சியில்லாத 20 பேரை வெளிக்காட்சி மறைத்துப் பறக்கவிட்டுச் சோதித்தனர். இருபதின்மரும் கட்டுப்பாட்டை இழந்தனர். அதற்குச் சென்ற காலம் சராசரி 178 விநாடி. 1999-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 16-ஆம் நாள் இரவு, மங்கல் படிந்த கடல்மேற் பறந்த இளைய ஜான் கென்னடியும் உடன் சென்ற இரு மகளிரும் மாண்டது இத்தகைய திசைமயக்கத்தாலேயே என்று விசாரணை கண்டது. இதற்கு மாறாக, 1929 செப்டம்பர் 24-ல் ஜிம்மி டூலிட்டில் என்பார், மூடிய கூண்டினுள் அமர்ந்து, கருவிகளை மாத்திரமே நோக்கி, எழுந்து பறந்து மீண்டும் இறங்கினார். பயிற்சியும் கருவியும் கூடினால் இயலும் என்பதற்கு அது சான்று.

ஈண்டு எமது பாவனை விமானத்தின் குறையையும் மறைத்தல் தகாது. மேசைமுன் அமர்ந்த எம் செவி யாதும் கூறுவதில்லை. பொய்ச்சாட்சி மன்றத்திற்கே வருவதில்லை. ஆகவே கருவியை நம்புதல் எமக்கு எளிது. உடல் முழுவதும் ‘நீ சாய்கிறாய்’ என்று முறையிடும்போது, சிறு வட்டக் கருவியொன்றை நம்பிக் கையை அசையாது வைத்திருத்தலே மெய்யான விமானியின் துணிவு. அத்துணிவை எம் மேசை கற்பிக்காது. கண்ணை ஒழுங்காய் ஓட்டும் பழக்கத்தை மாத்திரமே அது கற்பிக்கும். மயக்கம் வருங்கால் மனிதனுக்குக் கைகொடுப்பதும் அப்பழக்கமே.

மாணவ நண்பர்காள்! உங்களுள் எவரேனும் ஒருநாள் மெய்யான விமானத்தை ஓட்டக்கூடும். எஞ்சியோர் எம்மைப்போல் நிலத்திலேயே இருப்பர். இருதிறத்தார்க்கும் இப்பாடம் பொதுவே. நேர்மையாய் இருக்கிறோம் என்னும் உணர்ச்சி, நேராக இருப்பதற்குச் சான்றாகாது. சாட்சிகள் பலவற்றை இடைவிடாது வினவுக. பிழையைச் சிறிதாயிருக்கும்போதே காண்க. கண்டபின் மெல்லத் திருத்துக. மட்டம் என்பது ஒருமுறை அடைந்து ஓய்ந்திருக்கும் நிலையன்று, கணந்தோறும் காக்கப்படுவது.