உயிர் தப்பியது போதாதா?



கடந்த ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் நான் உங்கள் முன் நிற்கவில்லை. ‘அம்மாவுக்கு ஒரு சிறிய அறுவைச் சிகிச்சை, ஜெபித்துக்கொள்ளுங்கள்’ என்று மட்டும் சபையில் அறிவிக்கச் சொல்லியிருந்தேன். நீங்கள் ஜெபித்தீர்கள், கஞ்சியும் குழம்பும் கொண்டுவந்தீர்கள், என்ன சிகிச்சை என்று ஒருவரும் துருவிக் கேட்கவில்லை. அந்த அன்புக்கு நன்றி. ஆனால் அது சிறிய அறுவைச் சிகிச்சை அன்று. எட்டு மணி நேரம் நடந்தது. அதைச் சிறியது என்று சொல்லவைத்தது என் கூச்சம். இன்று என் துணைவியாரின் சம்மதத்தோடு உள்ளதை எழுதுகிறேன். இதை முதலில் வாசித்தவரும் அவரே. இரண்டு இடங்களில் என்னைத் திருத்தியும் இருக்கிறார்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அவருடைய வலது மார்பகத்தில் புற்றுநோய் கண்டறியப்பட்டதையும், மார்பகம் முழுவதும் அகற்றப்பட்டதையும் உங்களில் பலர் அறிவீர்கள். அதன்பின் கீமோதெரபி, கதிரியக்கச் சிகிச்சை. எல்லாம் முடிந்தபோது ஸ்தோத்திர ஆராதனை நடத்தினோம். அன்றோடு கதை முடிந்தது என்று நான் எண்ணினேன்.

அவருக்கு அது முடியவில்லை. சேலையின் முந்தானை இடது தோளுக்கு ஏறுவதால் வலப்பக்கம் அதிகம் மறையாது. திருவிருந்து ஞாயிறுகளில் வெள்ளைச் சேலை உடுத்தும்போது கண்ணாடியின் முன் அவர் நிற்கும் நேரம் நீண்டது. உள்ளாடைக்குள் வைக்கும் சிலிக்கான் வார்ப்பு ஒன்றை மருத்துவமனையில் கொடுத்திருந்தார்கள். மே மாத வெயிலில் அதன் அடியில் வியர்த்துத் தோல் சிவந்துவிடும். ஒருநாள் ஓய்வுநாள் பள்ளியில் அழுத குழந்தையொன்றைத் தூக்கக் குனிந்தபோது அது நழுவிவிட்டது. யாரும் பார்க்கவில்லை. ஆயினும் அன்றுமுதல் அவர் குழந்தைகளிடம் குனிவதை நிறுத்திக்கொண்டார். இருபது ஆண்டுகளாக அந்தப் பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்சியவர், ஓரமாக நாற்காலியில் அமர்ந்து பாடம் சொல்லத் தொடங்கினார். காரணம் என்னவென்று நான் கேட்கவில்லை.

ஒரு மாலையில் அவரே பேச்சை எடுத்தார். அகற்றிய மார்பகத்தை அறுவைச் சிகிச்சையால் மீண்டும் அமைக்க முடியும் என்று மருத்துவர் சொன்னாராம். விசாரித்துப் பார்க்கலாமா என்று கேட்டார். நான் செய்தித்தாளிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, “உயிர் தப்பியது போதாதா? ஐம்பத்திரண்டு வயதில் இது எதற்கு?” என்றேன். அவர் மறுமொழி சொல்லவில்லை. இரண்டு மாதம் அதைப் பற்றிப் பேசவும் இல்லை. அந்த மௌனத்தைச் சமாதானம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அதன்பின் சுகமளிக்கும் ஊழிய ஞாயிறு வந்தது. வேலூரில் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்டைப் பற்றிப் பேசுவதற்காகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். மிஷனெரிப் பெற்றோருக்குக் கொல்லிமலையில் 1914ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். 1940களின் இறுதியில், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண்களை இடம் மாற்றிச் சீராக்கும் அறுவைச் சிகிச்சையை வேலூரில் தொடங்கினார். கிருமி ஒழிந்து நோய் குணமான பின்பும், புருவம் உதிர்ந்த முகத்தைக் கண்டு ஊரார் அவர்களை ஒதுக்கினார்கள். ஆகவே தலைத்தோலிலிருந்து முடியோடு ஒரு பகுதியை எடுத்துப் புருவமாக அமைத்துக் கொடுத்தார்கள். அது தலைமுடி ஆதலால் வளர்ந்துகொண்டே இருக்கும். அவ்வப்போது கத்தரிக்க வேண்டும்.

இரவு உணவின்போது இதையெல்லாம் வியந்து சொன்னேன். ஒரு மனிதனை மனிதர் நடுவே திரும்பக் கொண்டுவந்து நிறுத்துவதும் சுகமளித்தல்தான் என்று பிரசங்கத் தொனியிலேயே சொன்னேன். அவர் என் தட்டில் ரசம் ஊற்றிவிட்டு, “புருவம் இல்லாமலும் உயிர் வாழலாமே?” என்றார்.

அதன்பின் எனக்கு உணவு இறங்கவில்லை. அந்நிய மனிதரின் புருவத்துக்கு நான் கொடுத்த மதிப்பை என் வீட்டில் இருப்பவரின் மார்பகத்துக்குக் கொடுக்கவில்லை. அன்றிரவு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அடுத்த மாதம் நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னைக்குச் சென்றோம்.

அறுவை மருத்துவர் ஒரு பெண்மணி. பொறுமையாக விளக்கினார். சிலிக்கான் பையை உள்ளே வைத்து அமைப்பது ஒரு வழி. முதுகுத் தசையைத் திருப்பிக் கொண்டுவருவது மற்றொரு வழி. அடிவயிற்றின் தோலையும் கொழுப்பையும் இரத்தக் குழாயோடு எடுத்து மார்பில் பொருத்துவது மூன்றாம் வழி. கதிரியக்கம் பட்ட தோலில் சிலிக்கான் பையைச் சுற்றி இறுக்கம் உண்டாகும் வாய்ப்பு அதிகம் என்பதால், இவருக்குச் சொந்தத் திசுவே நல்லது என்றார். கிடைக்காதவற்றையும் அவர் ஒளிக்கவில்லை. “இது உங்கள் பழைய மார்பகம் ஆகாது. வடிவம் வரும், தொடு உணர்வு முன்போல வராது. வயிற்றின் குறுக்கே நீண்ட தழும்பு இருக்கும். மிகச் சிலருக்குப் பொருத்திய திசு இரத்தம் கிடைக்காமல் கருகிவிடுவதும் உண்டு” என்றார். என் துணைவியார் ஒவ்வொன்றையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, ஒரு வாரம் கழித்துத்தான் சம்மதம் சொன்னார்.

ஆயத்தம் மூன்று மாதம் நடந்தது. சர்க்கரை அளவைக் கட்டுப்பாட்டில் கொண்டுவந்தார். இல்லாவிட்டால் காயம் ஆறாது. தினமும் காலையில் நடந்தார். மூன்று பந்துகள் கொண்ட கருவியில் மூச்சை இழுத்துப் பழகினார். இரத்தம் உறையும் அபாயத்தைக் குறைக்க, ஹார்மோன் மாத்திரையை மருத்துவர் குறித்த நாளில் நிறுத்தினார். வயிற்றின் இரத்தக் குழாய்களைக் கண்டறிய சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். வீட்டில் பரண்மேல் இருந்த பாத்திரங்களையெல்லாம் இடுப்பு உயரத்துக்கு இறக்கிவைத்தோம். முன்பக்கம் பொத்தான் வைத்த இரவு உடைகள் தைத்தோம். குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டோம். உங்களில் எவரேனும் இத்தகைய சிகிச்சைக்குப் போவீர்களானால், இந்தச் சிறு காரியங்களை முன்னரே செய்துவையுங்கள். கையை உயர்த்தவும் நிமிர்ந்து நிற்கவும் முடியாத நாட்களில் அவை மிகவும் உதவும்.

அறுவைச் சிகிச்சை நாளன்று காலையில் மருத்துவர் அவரை நிற்கவைத்து உடலில் மைக்கோடுகள் வரைந்தார். மார்பெலும்பின் ஓரமாக ஓடும் இரத்தக் குழாயை எட்டுவதற்கு விலாக் குருத்தெலும்பில் ஒரு சிறு துண்டை எடுக்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். இவர் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்து, “ஆதாமின் விலாவை எடுத்ததைத்தான் இத்தனை காலம் பிரசங்கித்தீர்கள். இன்று ஏவாளின் முறை” என்றார். அந்தச் சிரிப்போடு உள்ளே போனார்.

அந்த எட்டு மணி நேரத்தில் எனக்கு ஜெப வார்த்தைகள் எவையும் வரவில்லை. அவருடைய பெயரை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இரண்டு, மூன்று மில்லிமீட்டர் அகலமே உள்ள குழாய்களை நுண்ணோக்கியில் பார்த்து, தலைமுடியைவிட மெல்லிய நூலால் இணைத்திருந்தார்கள். அந்த இணைப்பில் இரத்தம் உறைந்துவிட்டால் திசு பிழைக்காது. குளிர்ந்தால் குழாய்கள் சுருங்கும் என்பதற்காக அறையை வெதுவெதுப்பாக வைத்திருந்தார்கள். மணிக்கு ஒருமுறை செவிலியர் வந்து நிறத்தைப் பார்ப்பார். சூட்டைத் தொட்டுப் பார்ப்பார். பின்பு டாப்ளர் என்னும் பேனா போன்ற கருவியைத் தோலின்மேல் வைப்பார். மறுநாள் காலையில் என்னை உள்ளே அனுமதித்தபோது அந்த ஒலியை நானும் கேட்டேன். கடற்கரையில் அலை வந்து வந்து மணலில் படுவதுபோல் இருந்தது. முன்தினம் வரை வயிற்றிலிருந்த சதைக்குள் அவருடைய இரத்தம் புதுவழியில் ஓடுகிறது. அந்தச் செவிலியர் முந்தின இரவு முழுவதும் மணிதோறும் வந்து அதைக் கேட்டிருக்கிறார். எங்களுக்காக அன்று இரவெல்லாம் விழித்திருந்தவர் அவரே.

வீடு திரும்பிய பின் வந்த நாட்கள் எளிதானவை அல்ல. வயிற்றுத் தையல் இழுக்கும் என்பதால் இரண்டு வாரம் கூனியே நடந்தார். முதுகு வலித்தது. முழங்காலின் கீழே தலையணை வைத்து மல்லாந்தே உறங்க வேண்டும். காயத்திலிருந்து வடியும் நீரைச் சேர்க்கும் குழாய்ப் பைகளைத் துணிப்பையில் போட்டுத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடமாடினார். காலையும் மாலையும் அவற்றைத் திறந்து, அளந்து, எழுதிவைப்பது என் வேலை. ஒரு நாளைக்கு 30 மில்லிக்குக் கீழே இறங்கினால் குழாயை எடுத்துவிடலாம் என்று சொல்லியிருந்தார்கள். திருவிருந்துப் பாத்திரத்தை ஏந்துகிற அதே கைகளால் அந்தப் பைகளைக் கழுவினேன். முப்பது ஆண்டு ஊழியத்தில் நான் பயபக்தியோடு செய்த பணிகளில் அதுவும் ஒன்று.

வயிற்றுத் தையலின் ஓரத்தில் ஓரிடம் ஆறாமல் ஐந்து வாரம் கட்டுப்போட வேண்டியிருந்தது. மூன்றாம் வாரத்தில் ஒருநாள், “இதை ஏன் செய்துகொண்டேன்? நீங்கள் சொன்னதே சரிதானோ?” என்று அழுதார். நான் வேத வசனம் ஒன்றைத் தொடங்கினேன். அவர் கையமர்த்தி, “இப்போது வசனம் வேண்டாம், கொஞ்சம் தயிர்ச்சோறு பிசைந்து கொடுங்கள்” என்றார். பிசைந்து கொடுத்தேன். அருகே அமர்ந்திருந்தேன். இத்தகைய சோர்வு இந்தச் சிகிச்சைக்குப் பின் பலருக்கும் வருவதுண்டு என்று மருத்துவர் பிற்பாடு சொன்னார்.

இன்னொரு நாள் தோள்வலிக்கென்று வெந்நீர்ப் பையைக் கொண்டுவந்து அவருடைய தோளில் வைத்தேன். அது மெல்லச் சரிந்து புதிய மார்பின்மேல் கிடந்தது அவருக்குத் தெரியவில்லை; தற்செயலாகக் கண்ணில் பட்டதும் பதறி எடுத்தார். உணர்வற்ற அந்த இடம் வெந்துபோனாலும் வலி எச்சரிக்காது. “பிராண்டு ஐயாவின் நோயாளிகளைப்போல, இனி நானும் இதைக் கண்ணால் பார்த்துத்தான் காக்க வேண்டும்” என்றார். தொழுநோயாளிகளின் கைகால்கள் சிதைவதற்கு முக்கியக் காரணம் வலியை உணராததே என்று கண்டு, அவர்களுக்குத் தினமும் தங்கள் கைகால்களைப் பார்த்துப் பேணக் கற்பித்தவர் டாக்டர் பிராண்டு. அந்தப் பிரசங்கத்தை நான் நிகழ்த்தினேன். கேட்டுப் பயன்பெற்றவர் அவர்.

கனமானவற்றைத் தூக்கலாம் என்று மருத்துவர் அனுமதித்து, வலியும் நன்கு குறைந்தபின், அட்வெந்து காலத்தில் ஒரு ஞாயிறன்று ஓய்வுநாள் பள்ளியின் வாசலில் நான் நின்றிருந்தேன். மூக்கு ஒழுகிய ஒரு சிறுவன் கைகளை நீட்டினான். அவர் குனிந்து அவனைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டார். அவர் திரும்பக் கேட்டது இதைத்தான் என்று அப்போது விளங்கியது. மார்புக் காம்பையும் அமைத்துக்கொள்ளலாம் என்று மருத்துவர் சொன்னபோது, “எனக்கு இது போதும்” என்றார். இம்முறை ‘போதும்’ என்று சொன்னவர் அவர், நான் அல்ல.

அன்பானவர்களே, இதை வாசித்து, எல்லாரும் இந்தச் சிகிச்சையைச் செய்துகொள்ள வேண்டும் என்று எண்ணிவிடாதீர்கள். சில வாரங்களுக்கு முன் நம் சபையின் மூத்த சகோதரி ஒருவர் என் துணைவியாரிடம் தனியாக வந்து, பதினோரு ஆண்டுகளுக்கு முன் தமக்கும் மார்பகம் அகற்றப்பட்டதைச் சொன்னார். இத்தனை ஆண்டும் நாம் எவரும் அறியவில்லை. “எனக்கு வேறொன்று வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை அம்மா, நான் இப்படியே நன்றாக இருக்கிறேன்” என்றாராம். “நீங்கள் நன்றாக இருக்கிறீர்கள் அக்கா” என்று இவரும் சொல்லி, இருவரும் கைகோத்து அமர்ந்திருந்தார்கள். சீரமைத்துக்கொண்டவரைப் பெருமைக்காரி என்றோ, வேண்டாம் என்றவரைத் துணிவற்றவர் என்றோ சொல்ல நமக்கு உரிமை இல்லை. உயிர்த்தெழுந்த நம் ஆண்டவரின் சரீரத்திலும் தழும்புகள் இருந்தன. தோமாவுக்கு அவர் அவற்றை மறைக்கவில்லை.

கணவர்மாரே, உங்கள் மனைவி இத்தகைய கேள்வியோடு வந்தால் உடனே பதில் சொல்லாதீர்கள். அவர் எதை இழந்திருக்கிறார் என்று முதலில் கேளுங்கள். சகோதரிகளே, மார்பகத்தில் கட்டியோ மாற்றமோ தென்பட்டால் கூச்சத்தால் மறைத்து நாட்களைக் கடத்தாதீர்கள், மருத்துவரிடம் செல்லுங்கள். ‘மார்பகம்’ என்ற சொல்லை நம் ஜெபக் கூடுகைகளில் தயங்காமல் சொல்ல நாம் பழகிக்கொண்டால், இன்னும் எத்தனையோ பேர் பதினோரு ஆண்டு காத்திருக்க வேண்டியதில்லை.

என்னை அவர் திருத்திய இரண்டு இடங்களையும் சொல்லிவிடுகிறேன். “சிரித்துக்கொண்டே” என்ற இடத்தில் நான் முதலில் “தைரியத்தோடு” என்று எழுதியிருந்தேன். அன்று பயந்துதான் போனேன் என்று சொல்லி அதை அடித்துவிட்டார். மற்றொன்று இந்தக் கடைசிப் பகுதியில். “முழுமையாகச் சுகமடைந்தார்” என்று முடித்திருந்தேன். “முழுமையாக” என்பதை நீக்கிவிட்டு, “சுகமடைந்து வருகிறார்” என்று எழுதிக்கொடுத்தார்.

ஜெபிப்போம்: எங்கள் சரீரங்களை அறிந்த பிதாவே, தழும்புகளோடு வாழ்கிற எங்கள் சகோதரிகளைத் தாங்கும். அவர்கள் பேசும்போது செவிகொடுக்கவும், பேசாதபோது அருகே இருக்கவும் எங்களுக்குக் கற்றுத்தாரும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.