அந்த ஒரு வரிக்குப் பின்னால்...

மருத்துவக் கல்லூரியில் ஒவ்வொரு துறை வாசலிலும் ஒரு பெயர்ப்பலகை இருக்கும். பேராசிரியர் பெயர், பின்னால் எம்.டி., எஃப்.ஆர்.சி.எஸ். என்று ரயில் பெட்டி மாதிரி பட்டங்கள். கல்லூரிக் கையேட்டில் கூடவே இன்னொரு வரியும் இருக்கும்: "ஆய்வு ஆர்வம்". அதை யாரும் படிப்பதில்லை. வைவாவில் கறாரா, அட்டெண்டென்ஸ் பார்ப்பாரா என்பதைத்தான் சீனியர்களிடம் விசாரிப்பார்கள்! ஆனால் அந்த ஒரு வரி எங்கிருந்து வந்தது என்று தோண்டினால், பட்டங்களை விடப் பெரிய கதை கிடைக்கும்.

பால் பிராண்ட் 1914-ல் கொல்லிமலையில் பிறந்தவர். மிஷனரி பெற்றோரின் மகன். லண்டனில் மருத்துவம் படிக்கும் முன் அவர் கற்றது என்ன தெரியுமா? தச்சு வேலையும் கொத்து வேலையும்! சில வருடம் கட்டிட வேலை பழகிவிட்டுத்தான் டாக்டர் படிப்புக்கே போனார். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை சிகிச்சை கற்றுத்தர வந்தார்.

அப்போது ராபர்ட் காக்ரேன் என்ற தோல் மருத்துவர் அவரைச் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனைக்கு அழைத்துப் போய்க் காட்டினார். எங்கு பார்த்தாலும் மடங்கி, குறைந்துபோன விரல்கள். ஒரு நோயாளியிடம் தன் கையைப் பிடித்து அழுத்தச் சொன்னார் பிராண்ட். பிடி வலித்தது! செத்துப்போனதாக நினைத்த கைக்குள் நல்ல தசைகள் இருந்தன.

தொழுநோயில் சதை தானாக அழுகி விரல் உதிர்கிறது என்றுதான் அதுவரை பரவலாக நம்பினார்கள். பிராண்டும் அவருடைய குழுவினரும் கவனித்துப் பார்த்ததில் கிடைத்த பதில் வேறு. நோய் நரம்பைத் தாக்குகிறது, வலி தெரியாமல் போகிறது. சூடான பாத்திரத்தைத் தொட்டாலும் தெரியாது, உளி பட்டாலும் தெரியாது, தூங்கும்போது எலி கடித்தாலும் தெரியாது! கவனிக்காத காயம் புண்ணாகி விரலைக் கொண்டுபோகிறது. அதனால் நோயாளிகளுக்குப் பூனை வளர்க்கக் கொடுத்தார்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் அதுவும் வைத்தியம்தான். முன்கையில் நன்றாக வேலை செய்யும் தசையின் நாணை எடுத்து, செயலிழந்த விரல்களோடு இணைக்கும் அறுவை சிகிச்சையையும் பிராண்ட் செய்தார். குணமானவர்கள் பிழைக்கத் தொழில் வேண்டுமே? தச்சு வேலை சொல்லிக் கொடுத்தார். இளமையில் பழகிய உளி வீண் போகவில்லை.

அதே கல்லூரியில் படித்த டாக்டர் மேரி வர்கீஸ் மகப்பேறு மருத்துவத்தில் இருந்தவர். 1954-ல் ஒரு சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தவரைப் பிராண்ட் கை அறுவை சிகிச்சைக்குத் திருப்பினார். அதை உட்கார்ந்துகொண்டே செய்யலாம் இல்லையா? சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, வேலூரில் அந்தத் துறையை வளர்த்தார். அவருடைய "ஆய்வு ஆர்வம்" அவருடைய உடம்பிலிருந்தே வந்தது.

அடுத்த கதை சென்னை மருத்துவக் கல்லூரியில் நடந்தது. சுனிதி சாலமன் அங்கே படித்து, வெளிநாடுகளில் நோய்க்குறியியல் பயிற்சி பெற்றுத் திரும்பி, நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்தார். 1980-களில் எய்ட்ஸ் என்றால் "அது மேல்நாட்டு வியாதி, இங்கே வராது" என்பதுதான் பொதுவான பேச்சு. தீசிஸ் தலைப்பு தேடிய மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம், "இங்கே இருக்கிறதா என்று பார்" என்றார் சுனிதி.

நிர்மலாவுக்குத் தயக்கம்தான். இருந்தாலும் பாலியல் தொழிலில் இருந்த பெண்களைத் தேடிப் போய்ப் பேசி, ரத்த மாதிரிகள் சேகரித்தார். கையுறை கூடக் கிடையாது. சென்னையில் பரிசோதனை வசதியும் இல்லை. 1986 பிப்ரவரியில் மாதிரிகளை ஐஸ் பெட்டியில் வைத்துக் கணவரோடு ரயில் ஏறிக் காட்பாடி போனார். வேலூரில் வைராலஜி துறையை நடத்தியவர் ஜேக்கப் ஜான், குழந்தை மருத்துவராகத் தொடங்கி வைரஸ் பக்கம் வந்தவர். சோதனையில் 6 மாதிரிகளில் நோய் இருந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அப்படித்தான் முதலில் தெரிந்தது. ஒரு மாணவியின் தீசிஸ்!

இன்னொன்றையும் சொல்லாமல் விடக் கூடாது. எதற்கான சோதனை என்று அந்தப் பெண்களுக்குச் சொல்லப்படவில்லை. இன்றைய விதிகள் அதை அனுமதிக்காது. சுனிதி 1993-ல் ஒய்.ஆர்.ஜி. கேர் அமைப்பைத் தொடங்கி, 2015-ல் மறையும் வரை எச்.ஐ.வி. நோயாளிகளுக்காகவே வேலை செய்தார்.

இன்றும் பல தீசிஸ்கள் பழையதைப் புரட்டித் தலைப்பை மட்டும் மாற்றி எழுதப்படுபவைதான். நிர்மலாவுக்கும் அது பட்டத்துக்காக எழுத வேண்டிய தீசிஸ்தான். கேள்வி மட்டும் புதிது. அந்தக் கேள்வியை வைத்திருந்த ஆசிரியர் அதே கட்டிடத்தில்தான் இருந்தார்.

அடுத்த முறை கையெழுத்துக்காகத் துறை வாசலில் காத்திருப்பவர்கள், உள்ளே போனதும் ஒன்று கேட்டுப் பார்க்கலாம். "மேடம், நீங்க ஏன் இந்தத் துறைக்கு வந்தீங்க?" பெயர்ப்பலகையில் இல்லாத பதில் கிடைக்கும்.