உடல் ஓரிடம், உறுதி ஓரிடம்

மன்னாரிலிருந்து பூநகரிக்குச் செல்லும் ஏ-32 வீதியில் உள்ளது எங்கள் இலுப்பைக்கடவை. கடலையும் வயலையும் நம்பி வாழும் இவ்வூரில், கணினியைப் பற்றிக் கட்டுரை வரையத்தக்க விஷயம் என்ன நேர்ந்துவிடும் என்று நேயர்கள் ஐயுறலாம். நேர்ந்தது, அதிற் பாதிப் பிழை என்னுடையது என்பதாலேயே எழுதுகிறேன்.

என் தங்கையின் மகள் உயர்தர வகுப்பில் தகவல் தொழினுட்பம் பயில்கிறாள். பயிற்சிக்காக அவள் ஒரு வேலையை மேற்கொண்டாள். 2008-இல் நாங்கள் இடம்பெயர்வதற்கு முன் எங்கள் ஒழுங்கையில் எந்தெந்த வீடுகள் இருந்தன, எவரெவர் குடியிருந்தனர், முற்றத்தில் என்ன மரம் நின்றது என்பவற்றையெல்லாம் அம்மம்மாவிடம் கேட்டுக் கேட்டு ஒரு தரவுத்தளத்திற் பதிந்து வந்தாள். நாங்கள் திரும்பி வந்தபோது எங்களிடம் ஒரு புகைப்படந்தானும் இருக்கவில்லை. அம்மாவின் நினைவே எங்களுக்கு எஞ்சிய படம்.

ஒருநாள், “மாமா, இடம் காணாதெண்டு சொல்லுது” என்று மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

அக்கணினியில் இரண்டு வட்டுகள். ஒன்று 128 ஜிகாபைட் கொண்ட விரைவான வட்டு. அது சி டிரைவ். மற்றது ஒரு டெராபைட் கொண்ட பழைய சுழல்வட்டு, அது டி. விற்பவர் ஆயிரத்தின் மடங்காகக் கணக்கிட, விண்டோஸ் 1024-இன் மடங்காகக் கணக்கிடுவதால், 128 என்று வாங்கியது திரையில் 119 என்றே தோன்றும். அதிலும் விண்டோஸ் தன் பங்கை எடுத்துக்கொண்டபின், எஞ்சிய இடத்தில் எல்லா மென்பொருளும் நெருக்கியடித்துக் குடியிருந்தன. அருகே டி டிரைவ் ஆளில்லா வளவுபோற் கிடந்தது.

எல்லாம் ஏன் சி-யையே நாடிச் செல்கின்றன? முற்காலக் கணினிகளில் ஏ, பி என்னும் எழுத்துகள் நெகிழ்வட்டுகளுக்கு உரியவை. 1983-இல் ஐ.பி.எம். எக்ஸ்.டி. கணினி 10 மெகாபைட் வன்தட்டுடன் வந்தபோது, அதற்கு வாய்த்த எழுத்து சி. நெகிழ்வட்டுகள் மறைந்த பின்னும் அவ்வழக்கம் மறையவில்லை. நிறுவும்போது நாம் ‘நெக்ஸ்ட்’, ‘நெக்ஸ்ட்’ என்று அழுத்திக்கொண்டே போனால் மென்பொருளும் அங்கேயே போய் அமரும். ‘கஸ்டம்’ என்பதைத் தெரிந்து, காட்டப்படும் பாதையில் சி-யை டி-யாக மாற்றினாற் போதும். டி-யின் வாசலிலேயே கொட்டிவிடாமல் ஒவ்வொன்றுக்கும் தனிக் கோப்புறை வகுத்தல் நன்று. நீக்கப்படும் வேளையில் தன் கோப்புறை முழுவதையும் துடைத்துச் செல்லும் மென்பொருள்களும் உண்டு. குரோம், இக்காலத்து மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் போன்றவை இடத்தைக் கேட்பதே இல்லை. அவற்றோடு வாதாடிப் பயனில்லை.

மருமகள் பயன்படுத்திய எக்ஸாம்ப் என்னும் மென்பொருள் கேட்கும் இனத்தைச் சேர்ந்தது. அவள் எழுதும் பக்கங்களும் தரவுத்தளமும் அதன் கோப்புறைக்குள்ளேயே தங்குகின்றன. கோப்புறையை வெட்டி ஒட்டினாற் பழைய பாதையைத் தேடித் தடுமாறும் என்பதால், தரவைத் தனியே வெளியெடுத்து, சி-யிலிருந்து நீக்கி, டி-யிற் புதிதாக நிறுவி, தரவை மீண்டும் உட்புகுத்தினோம். படம் திருத்தும் மென்பொருள் ஒன்றையும் டி-யில் நிறுவினோம். அது திறக்கச் சற்றுத் தாமதித்தது. சுழல்வட்டின் இயல்பு அது.

சில வாரங்களில் கணினி எழும்ப மறுத்தது. நகரத்துக் கடையொன்றிற் கொடுத்தோம். கடைக்காரர் எங்களை ஒரு சொற் கேளாமல் சி-யை முற்றாக அழித்து, விண்டோஸைப் புதிதாக ஏற்றித் தந்தார்.

வீட்டில் வந்து திறந்தோம். படம் திருத்தும் மென்பொருள் டி-யில் முழுமையாக இருந்தது, ஆயினும் இயங்கவில்லை. அதன் உடல் டி-யில் இருந்தாலும், பெயர் எழுதப்பட்ட பதிவேடு சி-யில் விண்டோஸின் பொறுப்பில் இருந்தது, அஃது அழிந்துவிட்டது. காணி கண்முன்னே கிடக்க, உறுதி மட்டும் தொலைந்தவனுடைய நிலை. இடம்பெயர்ந்து மீண்ட ஊர்களில் இவ்வுவமையை எவர்க்கும் விளக்க வேண்டியதில்லை. அதை மறுபடியும் நிறுவித்தான் ஆகவேண்டியிருந்தது.

எக்ஸாம்ப் அப்பதிவேட்டைப் பெரிதும் நம்பியிருப்பதன்று. அதன் கோப்புறையைத் திறந்து இயக்கியதும் எழுந்தது. ஒழுங்கையின் வீடுகள் ஒவ்வொன்றாகத் திரையில் வரிசையாய் நின்றன. பிள்ளை கைகொட்டிச் சிரித்தாள்.

அச்சிரிப்பு நீடிக்கவில்லை. அம்மா பேசியவற்றைக் கைப்பேசியிற் பதிந்து, பின் கணினியின் முகப்புத் திரையில் ஒரு கோப்புறையாக வைத்திருந்தாளாம். முகப்புத் திரை நம் கண்ணுக்கு முன்னே விரிந்திருந்தாலும் அதன் இருப்பிடம் சி. ‘டாக்குமென்ட்ஸ்’ என்பதும் அவ்வாறே. இரண்டையும் டி-க்கு மாற்ற முடியும்: கோப்புறையின் ‘புராப்பர்ட்டீஸ்’ பகுதியில் ‘லொக்கேஷன்’ என்று ஓர் இடமே அதற்கென உண்டு. மென்பொருளைப் பெயர்ப்பதற்கு அத்தனை பாடம் நடத்திய நான் இதைச் சொல்ல மறந்தேன். மென்பொருள் போனால் மறுபடி இறக்கலாம். குரலை எங்கிருந்து இறக்குவது? விரைவு வட்டில் அழிந்தவற்றை மீட்பதும் மிக அரிது.

அன்று மாலை அவள் அழுதுகொண்டிருப்பதைக் கண்ட அம்மா, காரணம் கேட்டறிந்தாள். “இதுக்கோ அழுறாய்? எனக்குத் திரும்பச் சொல்லத் தெரியாதே?” என்று திண்ணையில் வந்தமர்ந்தாள்.

மறுபடியும் ஒழுங்கையின் முதல் வீட்டிலிருந்து தொடங்கிற்று. முற்றத்தில் வேம்பு நின்றது என்றாள் அம்மா.

“அம்மம்மா, முந்தி முருங்கையெண்டெல்லே சொன்னனீங்கள்?”

“முருங்கை பின்வளவிலை. முற்றத்திலை வேம்புதான். அதின்ரை கீழைதான் வலை கொட்டிறவை.”

மருமகள் டி டிரைவிலிருந்த பட்டியலைத் திறந்து, முதல் வீட்டின் மரத்தைத் திருத்தினாள்.