தாழிக்குள் ஒரு பாடம்

திருநெல்வேலிக்குப் போகிறேன் என்றதும் வீட்டிலுள்ளோர் ஒரே குரலில் அல்வாவை நினைவூட்டினார்கள். அதை நான் மறக்கவில்லை. ஆனால் நான் புறப்பட்டது வேறொரு காரியத்துக்கு. நம் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் எப்படிப் புகட்டப்படுகிறது என்பதை அந்தச் சீமையில் நேரில் பார்க்க வேண்டுமென்று வெகுநாளாக ஆவல்.

1843-ஆம் ஆண்டில் கட்டிய சுலோசன முதலியார் பாலத்தைக் கடந்தால் கொக்கிரகுளம். அங்கே, தாமிரபரணிக் கரையில், 1987 முதல் மாவட்ட அறிவியல் மையம் நடந்துவருகிறது. உள்ளே நுழைந்ததும் திகைத்துப்போனேன். பிள்ளைகள் சாதனங்களைத் தொடுகிறார்கள், சுழற்றுகிறார்கள், இழுக்கிறார்கள், அதட்டுவாரில்லை! நான் படித்த பாடசாலையிலும் விஞ்ஞானச் சாமான்கள் இருந்தன. பூட்டிய அலமாரிக்குள் இருந்தன. ஆறு வருஷத்தில் அது திறக்கப்பட்டு நான் பார்த்தது இரண்டு தடவை. ஒரு தடவை இன்ஸ்பெக்டர் வந்தார். மற்றொரு தடவை உள்ளே பாம்பு புகுந்துவிட்டது.

அங்கிருந்து திருச்செந்தூர்ச் சாலையில் பஸ் ஏறி ஆதிச்சநல்லூர் சென்றேன். வழியெல்லாம் வயலும் வாழையும். ஆதிச்சநல்லூர்ப் பறம்பை 1876-இல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் தோண்டி, கிடைத்தவற்றைப் பெர்லினுக்குக் கொண்டுபோனார். பிறகு 1899 முதல் அலெக்ஸாண்டர் ரீ தோண்டினார். 2023-இல் அந்த இடத்திலேயே ஒரு காட்சிக்கூடம் திறந்திருக்கிறார்கள். கண்ணாடித் தளத்தின்மேல் நின்று குனிந்தால், கீழே முதுமக்கள் தாழிகள் புதைத்தபடியே தெரிகின்றன.

ஏதோ ஒரு கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகளும் அப்போது வந்திருந்தார்கள். உடன் வந்த உபாத்தியாயர், அருகிலுள்ள சிவகளையில் ஒரு தாழிக்குள் கிடைத்த நெல் கி.மு. 1155-ஐச் சேர்ந்தது என்று 2021-இல் சட்டசபையில் அறிவிக்கப்பட்டதைச் சொன்னார். "நெல்லுக்கு வயசு எப்படி ஸார் தெரியும்?" என்றான் ஒரு பையன். உபாத்தியாயர் சங்கடத்துடன் சிரித்தார். "அது பௌதிகம், தம்பி. என் பாடம் சரித்திரம்" என்றார்.

அவரைக் குறை கூறேன். அவருக்கும் அப்படித்தானே கற்பித்தார்கள்! பௌதிக வகுப்பில் கதிரியக்கக் கரியின் அரை ஆயுள் 5,730 வருஷம் என்பது ஒரு மார்க்குக்குரிய விடை. சரித்திர வகுப்பில் கி.மு. 1155 இன்னொரு மார்க்கு. இரண்டுக்கும் நடுவே சுவர்.

விஷயம் கடினமானதன்று. பயிர் உயிருடன் இருக்கும்வரை காற்றிலிருந்து கரியை உட்கொள்கிறது. அதில் மிகச் சிறு அம்சம் கதிரியக்கமுள்ளது. அறுத்தபின் வரவு நின்றுவிடும். இருப்பு மட்டும் கரையும். சுமார் 3,200 வருஷத்து நெல்லில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மிஞ்சும். வீட்டு வரவு செலவு எழுதத் தெரிந்த நம் பெண்மணிகளுக்கு இது விளங்காதா?

திருநெல்வேலியின் சர்வகலாசாலை 1990-இல் தோன்றியது. அது பெயர் தாங்கும் மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை தத்துவப் பேராசிரியர், நாடகம் எழுதினார், கல்வெட்டுகளைக் கொண்டு சரித்திரக் காலத்தை ஆராய்ந்தார், அறிவுத் துறைகளை வகுத்து 'நூற்றொகை விளக்கம்' என்று ஒரு நூலே இயற்றினார். அவருக்குச் சுவர் இருந்ததாகத் தெரியவில்லை.

சிவகளை நெல் பரிசோதனைக்கு அமெரிக்காவின் மயாமி நகருக்குப் போயிற்று. இத்தகைய சாதனங்கள் தில்லியிலும் அகமதாபாத்திலும் உண்டு. ஒரு தாழியைக் கண்டதும் மண்ணையும் விதையையும் எலும்பையும் எழுத்தையும் சேர்த்து யோசிக்கும் இளைஞர்கள் அல்லவா நமக்கு அதிகம் வேண்டும்!

எனக்குத் தெரிந்த அளவில் பையனுக்கு விளக்கினேன். காகிதத்தைப் பாதியாக மடித்தும் காட்டினேன். கவனமாய்க் கேட்டுவிட்டு, "அனுப்பின நெல்லைத் திருப்பிக் குடுப்பாகளா ஸார்?" என்றான்.

"எரித்தால்தான் கணக்கெடுக்க முடியும், தம்பி."

அவன் முகம் வாடிற்று. "அப்படீன்னா எத்தனை நெல்லை எரிச்சாக?"

உபாத்தியாயர் சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்து அந்தக் கேள்வியைக் குறித்துக்கொண்டார்.