நானும் அப்பிடித்தான் இருந்த

ஓட்டமாவடியில் வீடு வீடாகப் போகிற மிட்வைஃபின் பையில் தராசு இருக்கும், அளவு நாடா இருக்கும். வலியை அளக்க மட்டும் ஒன்றும் கிடையாது; கேள்வியால்தான் அளக்க வேண்டும். அந்தக் கேள்வியைப் பிடிக்க எனக்குப் பல வருடம் போனது.

"மாதச் சுகயீனத்தில வலிக்குதா?" என்றுதான் முன்பெல்லாம் கேட்பேன். "வலிக்கும்தானே" என்பார்கள். பேச்சு அத்தோடு முடிந்துவிடும். இப்போது, "அந்த நாளில எதையெதை விடுறீங்க?" என்கிறேன். பள்ளிக்கூடம், சமையல், புருசனோடு படுப்பது என்று ஒவ்வொன்றாக வரும்.

கைக்குழந்தையை நிறுக்கப் போன ஒரு வீட்டில் அதன் அக்கா, ஓ.எல். படிக்கிற பிள்ளை, பாயில் சுருண்டு கிடந்தாள். மாதம் மூன்று நாள் இப்படித்தானாம். வலி மாத்திரைக்கும் கேட்பதில்லையாம். அந்த நாட்களில் மலங்கழிக்கக் குத்துகிறது என்பதை, உம்மா குசினிக்குள் போன பிறகுதான் சொன்னாள். எண்டோமெற்றியோசிஸ் என்று எனக்குள் ஒரு சந்தேகம் விழுந்தது.

கருப்பையின் உட்படலத்தை ஒத்த இழையம் சூலகத்திலோ குழாயிலோ குடலோரத்திலோ முளைப்பதுதான் அது. ஈஸ்ட்ரோஜன் அதை வளர்க்கும். மாதந்தோறும் அங்கேயும் இரத்தம் கசியும், வெளியேற வழியில்லை. அழன்று, தழும்பாகி, உறுப்பையும் உறுப்பையும் ஒட்டிவிடும். சூலகத்தில் தேங்கினால் பழைய இரத்தம் கித்துள் பாணிபோல் கறுத்துக் கட்டியாகும்.

கடல் ஏறும் நேரம் எங்கள் ஊர்ப் பாலத்தடியில் தண்ணீர் உள்நோக்கிப் போகுமே, அதுபோல மாதவிடாய் இரத்தம் குழாய் வழியே வயிற்றுக்குள் திரும்புவதுதான் காரணம் என்றார் அமெரிக்க மருத்துவர் சாம்சன், 1927இல். நானும் அதையே சொல்லித் திரிந்தேன். ஆனால் பெரும்பாலான பெண்களுக்கு அப்படித் திரும்பத்தான் செய்கிறது; உடம்பே அதைத் துப்புரவாக்கிவிடும். சுமார் பத்தில் ஒருத்திக்குத்தான் நோயாகிறது. அதில் நோயெதிர்ப்புக்கும் பரம்பரைக்கும் பங்குண்டு. அடியோடு மாற்ற மருந்தில்லை. ஹோர்மோன் மாத்திரையும் சத்திரசிகிச்சையும் வலியைத் தணிக்கும். ஸ்கேனில் தெரியாமலும் போகலாம் என்பதால், "ஒண்டுமில்ல" என்ற துண்டை நான் முடிவாக எடுப்பதில்லை.

தேத்தண்ணீரோடு வந்த உம்மா என்னைத் தேற்றினார்: "பொம்புளப்புள்ளெண்டா இதெல்லாம் இருக்கும்தானே மிஸ்ஸி. நானும் அப்பிடித்தான் இருந்த."

பேச்சை முடிக்கத்தான் அவர் அதைச் சொன்னார். நான் மூடிய பேனையைத் திறந்தேன். தாய்க்கு இருந்தால் மகளுக்கு வரும் வாய்ப்புக் கூடும். எம்.ஓ.எச். டொக்டருக்குக் கடிதம் எழுதிக்கொண்டே கேட்டேன்:

"ராத்தா, நீங்க எதையெதை விட்ட?"

கோப்பையைக் கீழே வைத்துவிட்டு மகளின் பக்கத்தில், பாயிலேயே உட்கார்ந்தார்.




"கனக்க விட்ட, மிஸ்ஸி."