அடைபட்ட காற்று

மட்டாஞ்சேரியில் மிளகும் சுக்கும் மணக்கும் பண்டகசாலைகளைக் கடந்து செல்லும் ஜூ டவுன் தெரு, பரதேசி யூதர்களின் ஜெப ஆலயத்தில் போய் முடிகிறது. சித்திரை மாதத்து நண்பகல் ஒன்றில், வாடகைக்கு எடுத்த சைக்கிளை மதிலோரம் வெயிலில் நிறுத்திவிட்டு அங்கே நுழைந்தேன். நீலச் சித்திரம் தீட்டிய சீனத்து ஓடுகளின்மேல் வெறுங்கால் பட்ட மாத்திரத்தில் குளிர்ச்சி உடலெங்கும் பரவிற்று. மேலே வரிசையாய்த் தொங்கும் கண்ணாடி விளக்குகளை அண்ணாந்து பார்த்தபடி, அவை ஏற்றப்படும் நாளில் சுடரையொட்டிய காற்று உஷ்ணத்தால் விரிந்து, விரிந்ததனாலேயே இலேசாகி மேலெழ, கீழிருந்து புதுக்காற்று வந்து அச்சுடரைப் போஷிக்கும் விதத்தை எண்ணிக்கொண்டிருந்தபோது, வெளியே படீரென்று ஒரு சத்தம் கேட்டது. என் சைக்கிளின் பின்சக்கரத்து ட்யூப் வெடித்திருந்தது.

விளக்கருகே சூடேறும் காற்றுக்கு விரிய இடமுண்டு. ஆகையால் அது பருமனில் வளர்கிறது. ட்யூபில் அடைபட்ட காற்றுக்கு அந்த இடமில்லை. ஆகையால் அதே உஷ்ணம் அழுத்தமாக மாறி ரப்பரை நெருக்குகிறது. நிழலில் 27 டிகிரியாயிருந்த காற்று வெயிலில் 60 டிகிரிக்கு ஏறுமானால், சைபருக்குக் கீழே 273 டிகிரியில் உள்ள பரம சூன்யத்திலிருந்து கணக்கிட, 300 என்பது 333 ஆகிறது. அழுத்தமும் ஏறக்குறைய அதே விகிதத்தில் 100-க்கு 11 பங்கு மிகுகிறது. காலையில்தான் திணறத் திணறக் காற்றடித்த, பல ஒட்டுகள் கண்ட பழைய ட்யூபுக்கு அது போதும்.

உஷ்ணம் மாறாதிருக்கையில் வாயுவின் பருமனைப் பாதியாக்கினால் அழுத்தம் இரட்டிக்கும் என்பதை ராபர்ட் பாயில் வெளியிட்டது 1662-இல். 1568-இல் கட்டப்பட்ட இந்த ஆலயத்தைப் போர்ச்சுக்கீசியர் சேதப்படுத்தியதும் அதே ஆண்டில்தான். இரண்டுக்கும் யாதொரு சம்பந்தமுமில்லை எனினும், அந்த வாசலில் நின்ற எனக்கு அது நினைவுக்கு வராமற் போகவில்லை. உஷ்ணத்தால் வாயு விரியும் விகிதத்தை ஆராய்ந்தும் அச்சேற்றாது விட்டவர், ஹைட்ரஜன் பலூனில் வானேறிய பிரெஞ்சு விஞ்ஞானி சார்ல்ஸ். அதை 1802-இல் எழுதிய கே-லுசாக், முன்னவர் பெயரை மறைக்காமல் சொன்னார். அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.

பள்ளியில் இவற்றை மூன்று தனி விதிகளாக மனனம் செய்தேன். அழுத்தமும் பருமனும் உஷ்ணமும் ஒரே கயிற்றின் மூன்று புரிகள் என்பது அந்தத் தெருவில்தான் எனக்கு விளங்கிற்று. ஆசிரியப் பெருமக்களே, சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதுமுன், ஒரு சைக்கிள் பம்பின் முனையை விரலால் அடைத்து அழுத்திப் பார்க்கும்படி பிள்ளைகளின் கையில் கொடுங்கள்.